பதினாறு வயதுப் பையனுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கரூர். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. மெத்தை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு என்று நாள் முழுக்க அடுத்தவர் விட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டில் நான் விட்ட பிழை போன மாதம்தான் கண்ணில் பட்டது.

என் அம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அந்த வாரம் டெலிவரி நெருக்கடி, ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருவார். பையன் பதினொன்றாம் வகுப்பு. மாவு ஃப்ரிட்ஜில், சாம்பார் தூக்கில், தோசைக்கல் அடுப்பு மேலேயே. எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். "தோசை ஊத்திக்கோ கண்ணு, சாம்பாரைச் சூடு பண்ணிக்கோ." "சரிம்மா, நான் என்ன சின்னக் குழந்தையா?"

பஸ் குளித்தலை தாண்டவில்லை, முதல் போன். அடுப்பு எரியவில்லையாம். லைட்டரை நாலு தடவை அடித்துப் பார் என்றேன். அடித்தானாம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டு என்றேன். மாட்டானாம், கூச்சமாக இருக்கிறதாம். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு போன். ஹீட்டர் சுவிட்ச் எது, யூனிஃபார்ம் பேன்ட் எங்கே, தண்ணீர் கேன்காரர் வந்தால் எவ்வளவு கொடுப்பது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து நான் கரூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் சாம்பார் நுரைத்துப் புளித்துக் கிடக்கிறது. பகலெல்லாம் பிஸ்கட்டும் பேக்கரி பப்ஸும், ராத்திரி அவன் அப்பா வாங்கி வந்த புரோட்டா. அடுப்புக்கு என்ன கோளாறு என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போயிருக்கிறேன். அதைத் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிலிண்டர் தலையில் அப்படி ஒரு குமிழ் இருப்பதே தெரியவில்லை. இயற்பியலில் 92 மார்க் வாங்குகிற பையன். பட்டறையில் பகலெல்லாம் கேஸ் சிலிண்டரோடு மல்லுக்கட்டுகிற மனுஷனும் வந்து பார்க்கவில்லை. கேட்டால், "அசதியா இருந்துச்சு, புரோட்டா வாங்கிட்டு வந்துட்டேன்ல."

இதற்கு நடுவில் பைக் வேண்டும் என்று மட்டும் தினமும் கேட்கிறான். அரவக்குறிச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் என் மாமியாரோ, பேரன் தட்டைக் கழுவினாலே "ஆம்பளப் புள்ளைய ஏன் சாமி அடுப்படில நிக்க வெக்கிற" என்று கண் கலங்கிவிடுவார். அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. அதன் பிறகு எந்த ஊர் கல்லூரியோ.

திட்டினால் ஒரு நாள் செய்கிறான், மறுநாள் பழையபடி. நானும் அவன் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கையிலிருந்து பிடுங்கிச் செய்துவிடுகிறேன். பிள்ளைகளை இப்படி விட்டுப் பழக்கியவர்கள், அல்லது இப்படி வளர்ந்து அப்புறம் கரையேறியவர்கள், எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்?


ஓய்வூதியக்காரன்:

அம்மா, 36 வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுந்தவன் நான், கடைசிப் பத்து வருஷம் தஞ்சாவூரில். கல்லூரியில் சேர்ந்த பையனை அப்பா அழைத்து வருவார். "உன் பேர் என்னப்பா?" என்று பையனைப் பார்த்துத்தான் கேட்பேன். பதில் அப்பா சொல்வார். பிறந்த தேதி? அதையும் அப்பா சொல்வார். கையெழுத்து மட்டும் பையன் போடுவான். அதுவும் எந்தக் கட்டத்தில் என்று அப்பாவின் விரல் காட்டினால்தான். ஜூன், ஜூலை வந்தாலே எனக்கு இதே காட்சிதான்.

எனவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவன் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பியுங்கள். இல்லை, அவனை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு திறந்து நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே வழி செய்தது. 2025 ஏப்ரலில் அதை மறுபடி தெளிவாக்கிச் சுற்றறிக்கை விட்டது. எவ்வளவு வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதெல்லாம் அந்தந்த வங்கியின் முடிவு. அஞ்சலகத்திலும் பத்து வயதானவர் தன் பெயரில் திறக்கலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். நீங்கள் கூடப் போகாதீர்கள். வாசல் வரைக்கும்கூட வேண்டாம். வாசலில் நின்றால் உள்ளே வந்துவிடுவீர்கள், நான் பார்க்காத அம்மாக்களா?

அதில் மாதம் ஒரு தொகை போடுங்கள். அது பாக்கெட் மணி என்று இருக்கக் கூடாது. அவன் செலவு அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்: போன் ரீசார்ஜ், முடிவெட்டு, நோட்டுப் புத்தகம், சைக்கிள் பஞ்சர், நண்பன் பிறந்தநாள். என் மகளுக்கு அவள் பத்தாவது படிக்கும்போது இப்படிக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் 12-ம் தேதியே கை காலி. ஒரு ஜோடி கொலுசு. மீதி 18 நாளும் மொட்டைப் பென்சிலால் எழுதினாள், ரீஃபில் வாங்கக் காசில்லை. என் மனைவி என்னோடு பேசவில்லை. நானும் இரண்டு தடவை பர்ஸை வெளியே எடுத்து உள்ளே வைத்தேன். ரெண்டாவது மாதம் 24-ம் தேதி வரைக்கும் வந்தது.

பைக் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கான உரிமம், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு. மற்ற வண்டிக்கு 18 ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மைனர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இந்தக் கடைசி வரியை மட்டும் அவனிடம் சொல்லிப் பாருங்கள்.


விடுதி214:

அக்கா, உங்கள் பையன் எனக்கு மூன்று வயது இளையவன். மற்றபடி நானும் அவனும் ஒன்றுதான். கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன்.

எல்லோரும் சமையல் சமையல் என்பார்கள். விடுதியில் மெஸ் இருக்கிறது, சமைக்கத் தெரியாமல் யாரும் சாகவில்லை. நான் மாட்டிக்கொண்டது வேறு இடங்களில். முதல் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போனேன். வெள்ளைச் சட்டை, பனியன், ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புத் துண்டு எல்லாம் ஒரே வாளி. சோப்புத் தூள் எவ்வளவு போடுவது என்று பாக்கெட்டைப் பார்க்கவில்லை, பாதியைக் கொட்டினேன். அலசினேன், அலசினேன், நுரை போகவில்லை. பின்னால் வாளியோடு ஏழு பேர் வரிசையில். கடைசியில் சட்டையெல்லாம் பன்னீர் ரோஸ் நிறம். ஒரு செமஸ்டர் முழுக்க அதையே போட்டேன்.

என்னைக் காப்பாற்றியது என் ரூம்மேட். கொல்லிமலைப் பையன், அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படித்தவன். காலரை முதலில் தேய், சாயம் போகிற துணியைத் தனியாக ஊறவை, உதறிக் காயப்போட்டால் பாதி இஸ்திரி போட்ட மாதிரி என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பட்டன் தைக்கும்போது நூலை ஊசியில் நாலாக மடிப்பான். அவனுக்கு யாரும் இதை "வாழ்க்கைத் திறன்" என்று பாடம் எடுக்கவில்லை. பதினோரு வயசில் துவைக்க ஆளில்லை, துவைத்தான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அக்டோபரில் காய்ச்சல். அரசு மருத்துவமனைக்குப் போய் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்று டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். "முன்னாடி ஏதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா?" என்றார். எனக்குச் சின்ன வயசில் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். என்ன ஊசி? "அம்மாவுக்குத்தான் தெரியும் சார்." ரத்த வகை? "அம்மாவுக்குத்தான்..." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, காய்ச்சல் உனக்கா அம்மாவுக்கா?" என்றார். பின்னால் நின்ற மொத்த வரிசையும் சிரித்தது.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். உங்கள் பையனுக்கு இப்போதே ஒரு நோட்டு கொடுங்கள். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆதார் எங்கே இருக்கிறது, அதில் எந்தப் போன் நம்பர் இணைத்திருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியில் பாதிப் பேர் அவுட். ஓடிபி பட்டறையில் இருக்கும் அப்பாவுக்குப் போகும், அவர் எடுக்க மாட்டார்.

அப்புறம் அந்தப் பதினோரு போன். என் அம்மா பின்னால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நான் கூப்பிட்டால் முதல் கேள்வி, "இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்த?" இரண்டு விஷயமாவது சொல்லாவிட்டால் வைத்துவிடுவார். கடுப்பாக இருக்கும். பாதி நேரம் அந்த இரண்டைத் தேடும்போதே வேலை முடிந்துவிடும்.


நெல்லை அப்பா:

தங்கச்சி, பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வியாதி எனக்கும் உண்டு. என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு அப்போது பதினாலு. தென்காசியில் இருக்கும் அவள் அத்தை வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரே பஸ், நேரே போகும், இறங்கும் இடத்தில் அத்தை நிற்பாள். என்ன ஆகிவிடும்? அதெல்லாம் பேச்சுக்குச் சரி. கண்டக்டர் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மனப்பாடமாகச் சொல்லவைத்து ஏற்றிவிட்டேன். பஸ் நகர்ந்தது. நான் வீட்டுக்குத்தான் திரும்பினேன், சத்தியமாக. வண்டி என்னவோ பேட்டை ரோட்டில் திரும்பிவிட்டது.

பஸ்ஸுக்குப் பின்னால் நூறடி விட்டு ஓட்டிக்கொண்டு போனேன். ஹெல்மெட் போட்டிருக்கிறேன், கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது? ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. நான் ஒரு பழக்கடைத் தாருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எட்டிப் பார்க்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை மிட்டாய் வாங்குகிறாள். சில்லறையை எண்ணி வாங்கி, ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்து ஏதோ சொல்கிறாள், கடைக்காரப் பையன் மாற்றித் தருகிறான். பரவாயில்லையே என்று நினைத்தேன். என் போன் அடித்தது.

"அப்பா, அஞ்சு நிமிஷம் நிக்குமாம். ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ஒரு டீ குடிங்க. வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு."

டீயைக் குடித்தேன். பஸ் பாவூர்சத்திரம் பக்கம் கிளம்பிப் போனது, நான் திருநெல்வேலி பக்கம் திரும்பினேன். சாயங்காலம் போனில் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க பின்னாடி வந்ததால எனக்கு ரெண்டு வேல. என்னையும் பாத்துக்கணும், ஒங்களையும் பாத்துக்கணும்."

பெண் பிள்ளை விஷயத்தில் பயம் வேறு மாதிரி, அதை நான் மறைக்கவில்லை. யாராவது இடித்தால் சத்தம் போடு, கண்டக்டரிடம் சொல், கூச்சப்படாதே என்று சொல்லிக் கொடுக்க நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் பஸ் வழித்தடம் சொல்லிக் கொடுத்ததைவிட அதிகம். பையனைப் பெற்றவர்கள் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும், சொல்கிறோமா?


மணப்பாறை முறுக்கு:

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அம்மா அடுப்படிக்கு வர மாட்டார். டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்பார். நானும் தம்பியும் என்ன செய்தாலும் அதைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். முதல் ஞாயிறு ரசத்தில் புளியே இல்லை. அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி எங்களிடம் வேலை வாங்குகிறார்.


தறிக்காரன்:

படித்துக்கொண்டே வந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

பள்ளிபாளையம். அப்பா இறந்தபோது எனக்கு பதிமூன்று, தங்கைக்கு எட்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்று தறிக்குப் போனேன். ராத்திரி ஷிப்டில் பாவு அறுந்தால் முடிச்சுப் போட என் சின்ன விரல் வாகாக இருக்கும் என்று ஓனர் சொல்வார். விடிந்ததும் வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து, தங்கையைத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் என்றைக்கு ஊற்றுவார்கள், வட்டிக்காரர் என்றைக்கு வருவார், எல்லாம் மண்டைக்குள் இருக்கும். தெருவே என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டும்: "அவனப் பாருடா, எவ்வளவு பொறுப்பு." அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இருபத்தொன்பது வயதில் தறிப் பட்டறை மாடிப்படியில் விழுந்து தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் கையால் சட்டை போட்டு, பஸ் ஏறி ஈரோடு போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு அழவில்லை. கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. "நான் யாரு இந்த வீட்டுல?" என்று மட்டும் கேட்டாள். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மகன் பதினோரு தடவை போன் செய்ததை நீங்கள் வெட்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினோரு தடவையும் எடுக்க ஆள் இருந்திருக்கிறது. ஆனால் அதே பையன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன் என்றானே, எனக்கு உறுத்தியது அந்த இடம். ரெகுலேட்டரைத் திருப்ப ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொள்வான். தெரியாத ஒருத்தரிடம் "அக்கா, இது எனக்குத் தெரியலை, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்பது அப்படியில்லை. நான் நாற்பது வயதில் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.


காவிரிக்கரை:

தறிக்காரன் அண்ணா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவரும் பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனவர்தான். அந்தப் புரோட்டாவுக்குப் பின்னால் இருப்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது: "நான் பட்டது போதும், இவனாவது படிக்கட்டும்" என்பார் எப்போதும்.

எல்லோருக்கும் நன்றி. முயன்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.


காவிரிக்கரை (ஐந்து வாரம் கழித்து):

வந்துவிட்டேன். ரெகுலேட்டரை அவன் அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். சிலிண்டர் மாற்றுவதையும் சேர்த்து. வாஷர் இருக்கிறதா பார், கழுத்து வளையத்தைத் தூக்கி அழுத்து, 'டக்'கென்று சத்தம் வந்தால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம், சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா பார், வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, ஜன்னலைத் திற, 1906-க்குப் போன் போடு. அப்பா மகனுக்கு இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

சோறு வைத்த நாள்தான் எனக்குப் பரீட்சை. ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று விசில். சொல்லிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷம் ஆயிற்று, விசில் இல்லை. 'புஸ்ஸ்' என்று மூடியைச் சுற்றி ஆவி போகிற சத்தம் மட்டும் வருகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது, கேஸ்கெட் போடவில்லை. சிங்க் குழாயில் தொங்குவது ஹாலிலிருந்தே தெரிகிறது. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. முந்தானையை வாயில் கவ்விக்கொண்டேன், நிஜமாக. அவன் அடுப்பை அணைத்தான். குக்கரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வெயிட்டைத் தூக்கிப் பார்த்தான். ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை ஓட்டினான். அந்தப் பள்ளத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து சமையலறையை ஒரு சுற்று பார்த்தான். நேரே குழாய்க்குப் போனான். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது, மோர் ஊற்றி ஊறுகாயோடு குடித்தோம். அந்தப் பதினைந்து நிமிஷத்தை நான் இத்தனை வருஷமும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பையன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அவர் என்னை ஒரு முறை முறைத்தார். கால் நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணியில போட்டு உரி சாமி, எரியாது" என்றார். மதியத்துக்குள் அரைத்துவிட்ட குழம்பு வரைக்கும் பாடம் போய்விட்டது.

ஓய்வூதியக்காரன் ஐயா, வங்கிக்குத் தனியாகத்தான் அனுப்பினேன். பெயர் வேண்டாம், அந்தக் கிளையில் அப்பாவைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான் என்று பார்த்தால் ஒரு மணி நேரம் கழித்து அஞ்சலக பாஸ்புக்கோடு வந்தான். விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் புரியவில்லையாம், முதியோர் பணம் வாங்க வந்த ஒரு தாத்தாவிடம் கேட்டானாம். அவருக்குக் கண்ணாடி இல்லாததால் இவன் அவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறான், அவர் இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதல் மாதப் பணம் 9-ம் தேதி தீர்ந்தது. உங்கள் மகளைவிட மூன்று நாள் முன்னால். கிரிக்கெட் மட்டை. பைக் பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் 25 வயசு என்றதும் குரல் இறங்கியிருக்கிறது.

போன சனிக்கிழமை அம்மாவுக்குக் கண் ரிவியூ. எனக்கு ஷிப்மென்ட், லீவு கிடைக்கவில்லை. "நான் பாட்டியக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவனாகச் சொன்னான். காலை ஆறே கால் பஸ். பள்ளி பஸ் பாஸைக் காட்டினால் திருச்சி வரை விடுவார்கள் என்று நினைத்திருக்கிறான். கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட் கிழித்தாராம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஏறியவன், கோபுரத்தைப் பார்த்ததும் திருவானைக்காவலிலேயே இறங்கிவிட்டான். அது வேறு கோபுரம் என்று பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. மீதியை நடந்தே போயிருக்கிறான். எனக்குப் போன் வரவில்லை. ஒன்பது மணிக்கு, பத்து மணிக்கு, செக்கிங் டேபிளில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு துண்டுகளைப் பார்க்கிறேன், ஒரு பிழையும் கண்ணுக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் வந்து, "என்னக்கா, ஓட்டையே பாஸ் பண்ணிட்டீங்க" என்றாள்.

பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ். "பாட்டிக்கு கண் ஓகே. சொட்டு மருந்து இன்னும் 2 வாரம். சுகர் மாத்திரை என்னன்னு டாக்டர் கேட்டார், நோட்ல பாத்து சொன்னேன்." விடுதி214 தம்பி, அந்த நோட்டு உன் உபயம்.

சாயங்காலம் அம்மாதான் போன் செய்தார். "ஏண்டி, சிலிண்டர் தீந்துபோச்சு போல இருக்கு. அடுப்பு பத்தவே மாட்டேங்குது. காபி போடலாம்னா முடியல."

இருபது நாள் முன்னால்தான் புதுச் சிலிண்டர் போட்டது. மத்தியானம் சமைத்தது யார் என்று கேட்டேன். பேரனாம், ரசம் வைத்து அப்பளம் சுட்டுக் கொடுத்தானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனைக் கூப்பிடு என்றேன்.

கறிவேப்பிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறானாம். போனை இங்கேயே வைத்துவிட்டு.